நீ என்னிடம் கேட்காத ஓட்டு

அயர்ன் ஸ்பிரிங், மொன்டானா
1914 அக்டோபர் 11

அன்புள்ள ராக்னாவுக்கு,

இங்கே நானும் குழந்தைகளும் நலம். நீ எந்தப் பண்ணையில், யார் வீட்டில் தங்கியிருக்கிறாய் என்று தெரியாததால் இதை உங்கள் ஓட்டுரிமைச் சங்க அலுவலகத்துக்கே அனுப்புகிறேன். குதிரை வண்டியில் நாளுக்கொரு ஊர் போகிறவளை எந்தத் தபால்காரன் தேடிப் பிடிப்பான்? வடக்கே இப்போதே பனி விழுகிறது என்று ரயில்காரர்கள் சொன்னார்கள். கம்பளிக் காலுறையைக் கழற்றாதே.

ஸோல்வேக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அப்பா, இது பின்னலா, குதிரை வாலா?" என்று கேட்டாள். இப்போது பரவாயில்லை, பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அவிழ்வதில்லை. சின்னவன் லீஃப் உன் பழைய சால்வையை மூக்கோடு அணைத்துக்கொண்டுதான் தூங்குகிறான். துவைக்கலாமென்று எடுத்தேன். அம்மா வாசனை போய்விடும் என்று தெருவே கூடும்படி அழுதான். துவைக்காமலே விட்டுவிட்டேன்.

கடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் வேறு யாராவது எழுதிவிடுவார்கள். பீர் கம்பெனி ஏஜென்ட் கர்ட்டிஸ் வந்திருந்தார். 'பெண்களுக்கு ஓட்டு வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த சுவரொட்டிகள் ஒரு கட்டு கொண்டுவந்தார். ஊரில் எல்லா மதுக்கடைகளிலும் ஒட்டியாகிவிட்டது, என் கடை ஜன்னல்தான் பாக்கி என்றார். ஜன்னல் வெளிச்சம் வருவதற்கு, அடைப்பதற்கில்லை என்றேன். "யோவ் ஹால்வர், பொம்பளைங்க கையில ஓட்டு வந்தா முதல் பூட்டு உன் கடைக்குத்தான். இது உனக்குப் புரியலையா, இல்ல வீட்டுல வாயத் திறக்க விடமாட்டாங்களா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். "வீட்டுல ஆள் இருந்தாத்தானே அய்யா வாயத் திறக்குறதுக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கடையில் மது ஊற்றும் மேடை, பெரிய கண்ணாடி, விளக்குகள் எல்லாம் கம்பெனியுடையவை என்பதைப் போகிறபோக்கில் ஞாபகப்படுத்திவிட்டுத்தான் அவர் போனார்.

அவர் போனதும் சுரங்கத்து ட்ரெம்பாத் ஆரம்பித்தான். "பெண்டாட்டி ஊரைத் திருத்தப் போயிருக்கா, புருஷன் இங்க ஊத்திக் குடுத்துக்கிட்டிருக்கான். நல்ல ஜோடிப் பொருத்தம்டா!" என்றான். அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டுச் சலவைக்காரி ப்ரிஜெட்தான் குழந்தைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிறாள். நேற்றுத் துணி பிழிந்துகொண்டே, "என் மவனுக்கு மீசை முளைச்சுது, ஓட்டும் வந்துடுச்சு. அவனைப் பெத்து வளர்த்த எனக்கு எது முளைச்சா குடுப்பானுங்களாம்?" என்று கேட்டாள். நீயாக இருந்தால் அதையே ஒரு மேடைப் பேச்சாக்கியிருப்பாய்.

ஒன்று கேட்க வேண்டும், ராக்னா. உழுகிறவனை வரப்பிலே நிறுத்தி ஓட்டுக் கேட்கிறாய். கொல்லன் பட்டறையில் நின்று கேட்கிறாய். முன்பின் தெரியாத ஆண்கள் எல்லோரிடமும் கேட்கிறாய். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. புறப்பட்ட அன்று உன் பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன். அப்போதாவது கேட்பாய் என்று நின்றேன். லீஃபின் இருமல் மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாய்.

உன்,
ஹால்வர்

அயர்ன் ஸ்பிரிங்
நவம்பர் 15

அன்புள்ள ராக்னாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதம் தேர்தலுக்கு முந்தின நாளே கிடைத்துவிட்டது. "நான் கேட்டா எனக்காகப் போடுவீங்க. அது எனக்கு வேண்டாம். கேட்டும் நீங்க போடலேன்னா, அதை என்னால தாங்க முடியாது. கடை உங்க பிழைப்பு, எந்த வாயால கேட்பேன்?" என்று எழுதியிருந்தாய். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுப்போடப் போனேன்.

தீயணைப்புக் கொட்டகையில்தான் ஓட்டு. வாசலில் கர்ட்டிஸ் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் சுருட்டுக் கொடுத்தார். எனக்கும் நீட்டினார், வாங்கவில்லை. உள்ளே பென்சிலைப் பிடித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் கடையைத்தான் நினைத்தேன். உன்னையும் நினைத்தேன். ஆனால் கடைசியில் கண்முன் வந்தது ப்ரிஜெட்டின் வெந்து வெளுத்த விரல்கள். பெண்களுக்கு ஓட்டு 'வேண்டும்' என்பதைக் குறித்தேன். உனக்காகப் போடவில்லை என்பதில் உனக்குச் சந்தோஷம்தானே?

வெளியே வந்ததும் எதைக் குறித்தாய் என்று ட்ரெம்பாத் கேட்டான். பொய் சொல்ல வரவில்லை. "பொம்பளைங்களுக்கு ஓட்டு வேணும்னுதான் போட்டேன்" என்றேன். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியேடா" என்றான் ட்ரெம்பாத். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டான்.

நம் ஊரில் தோற்றோம் என்பது அன்றே தெரிந்துவிட்டது, அதுவும் படுதோல்வி. மாநிலத்தின் முடிவு வராமல் நாட்கள் இழுத்தன. கடைசியில் ரயில் நிலையத்துத் தந்திக்காரர் வந்து, ஜெயித்துவிட்டது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். ப்ரிஜெட் சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்து, நேராக என் கடைக்குள் நுழைந்துவிட்டாள். அந்தக் கடைக்குள் ஒரு பெண் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. குடித்துக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று திகைத்தார்கள். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பார்த்துக்கிட்டே நிக்கிறியே, ஒரு காப்பி குடு" என்றாள்.

அடுத்த நாளே கம்பெனி வண்டி வந்தது. மேடை, கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடை கல்யாணம் முடிந்த வீடுபோல வெறிச்சோடிப் போயிற்று. இரண்டு பீப்பாய்களின் மேல் பலகை போட்டு, பட்டாணி சூப்பும் ரொட்டியும் காப்பியும் விற்கிறேன். ரயில்காரர்கள் வருகிறார்கள். நேற்று ட்ரெம்பாத்தும் வந்தான். சூப்பில் உப்புக் கரிக்கிறது என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான். இரண்டாவது கிண்ணத்தையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தான். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. இது ஓடும்.

இனி உன் இரண்டாவது கடிதம். கிழக்கே நியூயார்க்கில் அடுத்த வருஷம் இதே ஓட்டெடுப்பு வருகிறது, பேசத் தெரிந்தவர்களை உடனே அழைக்கிறார்கள், வசந்தம்வரை ஆகும், 'நீங்க சொல்றபடி' என்று எழுதியிருக்கிறாய். நான் மூன்று நாளாக இதற்குப் பதில் எழுதுகிறேன். முதல் இரண்டு தாளையும் அடுப்பில் போட்டுவிட்டேன். அவற்றில் என்ன எழுதியிருந்தேன் என்று நீ கேட்க வேண்டாம்.

போய் வா, ராக்னா. அங்கேயும் யாரோ ஒரு ப்ரிஜெட் துணி பிழிந்துகொண்டு இருப்பாள்.

கிழக்கே போகிற வண்டி நம் ஊரில் தண்ணீர் பிடிக்க நிற்கும். எந்த நாள் என்று மட்டும் தந்தி அடி. நாங்கள் மூன்று பேரும் நடைமேடையில் இருப்போம். இறங்கி ஒருநாள் தங்கினாலும் சரி, ஜன்னல் வழியே குழந்தைகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாலும் சரி. அம்மா வந்தால் அழக்கூடாது என்று லீஃபுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குச் சொல்லி வைக்கத்தான் ஆளில்லை.

போகிற இடமெல்லாம் உனக்குக் கதவு திறக்கட்டும். நம் வீட்டுக் கதவைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

என்றும் உன்,
ஹால்வர்