காலத்துக்கு அகலம் உண்டு என்று சொன்னவன்

18-7-2006
ஒரு விஷயத்தை இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நேற்று டேவிட் ராஜ் தன் ஆராய்ச்சியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கொட்டாவியை அடக்கி அடக்கி என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் உருகிவிட்டதாக நினைத்து, "மாமா, உங்க ஒருத்தருக்குத்தான் புரியுது" என்று கையைப் பிடித்துக்கொண்டான். என் வீட்டுக்காரி ராணியின் தம்பி, கல்லூரியில் பிசிக்ஸ் வாத்தியார். நான் அஞ்சாவதோடு நின்றவன். கையை உருவ மனசு வரவில்லை. இனி தினமும் என் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வருவானாம்.

2-8-2006
இன்று முழித்துக்கொண்டு கேட்டேன். நாம் நடமாட நீளம், அகலம், உயரம் என்று மூன்று வழி இருக்கிறது, காலத்துக்கு மட்டும் ஏன் ஒரே வழி என்கிறான். அதற்கும் அகலம் உண்டாம். என் ஸ்டாண்டையே காட்டினான்.

"வாசல்ல நின்னா ஒரு வரிசை சைக்கிள்தான் தெரியுது மாமா. பக்கவாட்டுல வந்து பாருங்க, பின்னாடி எத்தினி வரிசை."

"அப்ப அந்த அகலத்துல நடந்து நேத்திக்குப் போயிடலாமா மச்சான்? ஒரு ஆளுக்கு டோக்கன் குடுக்க மறந்துட்டேன்."

"போவ முடியாது. அதுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. நமக்கு அதோட நிழல் மட்டுந்தான் தெரியும்."

"இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாது. எங்க கல்யாணத்துக்கு உங்கப்பா போடறேன்னு சொன்ன நகை மாதிரி."

சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

11-3-2008
கொட்டுகிற மழை. குடையோடு வந்து நின்று வாதாடினான். கடைசியில் இரண்டாவது காலம் ஒன்று இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். அதில் எனக்குத் தலையில் முடி இருக்கும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டேன்.

5-1-2010
அவனுடைய கைடு தட்சிணாமூர்த்தி சார் தீர்த்துச் சொல்லிவிட்டாராம். காலத்தின் அகலத்தைப் பற்றி எழுதிய அத்தியாயத்தை எடுத்தால்தான் கையெழுத்து. கையெழுத்து இல்லையென்றால் டாக்டர் பட்டம் இல்லை, வேலையும் நிரந்தரம் ஆகாது.

"எடுத்துத் தொலையேன், அது என்னா கிட்னியா?" என்றாள் ராணி.

"அத எடுத்துட்டா மீதி இருக்கறது பைண்டிங்குதான்க்கா."

அடுத்த மாதம் சிதம்பரத்தில் கருத்தரங்கு. அங்கே எல்லார் முன்னாலும் வாதாடி ஜெயித்தால் சார் விட்டுவிடுவாராம். ஸ்டாண்டைப் பூட்டிவிட்டு நானும் போகிறேன்.

20-2-2010
போய் வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சார் கேள்வி கேட்டார், மச்சான் எனக்குச் சொன்ன பதிலையே இங்கிலீஷில் சொன்னான் போலிருக்கிறது, அவன் கையை ஆட்டியதை வைத்துக் கண்டுபிடித்தேன். நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒருவர் எழுந்து, "அப்படின்னா எனக்கு ரெண்டு மாமியாரா சார்?" என்றார். மண்டபமே சிரித்தது. நான் இதைவிட மோசமாகவெல்லாம் கிண்டல் செய்திருக்கிறேன். எனக்குத் திருப்பிக் கொடுப்பான். அங்கே தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

சார் தன்மையாகத்தான் கேட்டார்: "டேவிட், இத நீங்களே நம்புறீங்களா?"

"இல்ல சார். சும்மா ஒரு கணக்குப் பயிற்சிதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். சார் தோளில் தட்டிக்கொடுத்தார்.

பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். "நாலு வருசமா எங்கிட்ட சொன்னது?" என்று கேட்டேன்.

"பேச்சுக்குச் சொன்னது மாமா."

பேச்சுக்கா? மழையில வந்து நின்னு சொன்னதுமா? நான் நம்பிட்டேனேடா. நீ விட்டுட்டுப் போயிட்ட, அத வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது —

21-2-2010
வரவில்லை.

14-6-2011
டாக்டர் ஆகிவிட்டான். மாமனார் வீட்டில் விருந்து. "மச்சான், அந்த இன்னொரு காலத்துல நீ ஃபெயில்" என்றேன். "ஆளுங்க இருக்காங்க மாமா, அதெல்லாம் வேணாம்" என்றான். வேணாம் என்றால் வேணாம். கோழிக்கால் நன்றாக வெந்திருந்தது.

31-12-2011
நேற்றைய புயலில் ஸ்டாண்டின் கூரை முழுக்கப் போய்விட்டது. டாக்டர் போனில் விசாரித்தார்.

11-11-2012
அவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நன்றிப் பூசைக்கு அவன் பெயரைக் கொடுக்கச் சொல்லி ராணி என்னைக் கோயிலுக்கு அனுப்பியிருந்தாள். உபதேசியார் அந்தோணிசாமி பெயர் கேட்டார், சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நன்றிக்கு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நவம்பர், இறந்தவர்களின் மாதம். இந்த மாதத்தில் வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் அது செத்தவர் பெயர்.

இன்று பூசையில் சாமியார், "மறைந்த டேவிட் ராஜ் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்தார். மறைந்தவர் மூன்றாவது வரிசையில் புதுச் சட்டையோடு முழங்காலில் இருந்தார். ராணி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பீடத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும், அவன் முகம் தெரியாத ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மச்சானாமே. எப்ப ஆச்சு?"

"மூணு வருசம் ஆவப்போவுது. சிதம்பரத்துல."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். மத்தியானம் வீட்டில் பிரியாணி. டேவிட் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.