இருபத்திரண்டாம் அத்தியாயத்தை ஏற்க மாட்டேன்

ராமச்சந்திராபுரம்,
14-6-2002

அன்புள்ள வேதாவுக்கு,

கல்பகம் எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்கத்தான் இந்தக் கடிதமே. அது நீளமாகப் போகும் என்பதால் மற்றதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அபிநவ் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டான். மஹதி தோசை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பதற்கு ‘வத்து’ என்று தெலுங்கில் பதில் சொல்கிறாள். நான் தமிழில் திட்டினால் மட்டும் முழுசாகப் புரிகிறது. இவர் வழக்கம்போல் ஏழு மணி கம்பெனி பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போய் வருகிறார். எங்கள் டவுன்ஷிப் பிள்ளைகளோ அப்பாக்களின் பஸ்ஸை விட்டுவிட்டு மாதாப்பூர்க் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கிறார்கள்.

சரி, நம் நாவலுக்கு வருகிறேன்.

நீ மன்னார்குடியிலும் நான் இங்கேயும் இருந்துகொண்டு நாலு வருஷமாக ஒரே கதையை எழுதுகிறோம். ஒற்றைப்படை அத்தியாயம் எனக்கு, இரட்டைப்படை உனக்கு. ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்றக்கூடாது. இந்த விதியைப் போட்டதே நீதான். குதிரை வைத்தியர் மகள் மரகதவடிவு என் பொறுப்பு, இளைய பாளையக்காரன் உதயரங்கன் உன் பொறுப்பு. அவள் விஷம் வைத்த புல்லைக் கண்டுபிடித்து அவன் குதிரையைக் காப்பாற்றியதும், அரண்மனையே வேண்டாமென்றாலும் அவள் சொல்லை மீறமாட்டேன் என்று அவன் கோட்டை வாசலில் நின்றதும் எனக்கு வரிவரியாகத் தெரியும். அப்படி ஒரு ஆண்பிள்ளையை நீதான் எழுதினாய். அவன் பேசினால் நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படிப்பேன்.

பதினெட்டாம் அத்தியாயத்தில் ரசம் ஆறிவிட்டது என்று அவன் மரகதத்தை அறைகிறான். வேதா, அரண்மனையில் நூறு பேர் பரிமாற வளர்ந்தவனுக்கு ரசத்தின் சூடு என்ன தெரியும்? அவசரத்தில் எழுதியிருக்கிறாய் என்று விட்டுவிட்டேன். இருபதாம் அத்தியாயத்தில், “உனக்கெல்லாம் எதுக்கு எழுத்து?” என்று அவள் ஓலைகளைப் பிடுங்குகிறான். அது உதயரங்கன் குரல் இல்லை. அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் உன் வீட்டுக் கூடத்தில், நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, உன் வீட்டுக்காரர் சந்திரமோகன் இதே வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் மரியாதைக்காகச் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நானே மன்னிக்கவில்லை.

உன் நாவல் நோட்டுகள் தவறுதலாக வெந்நீர் அடுப்பில் விழுந்துவிட்டன என்று எழுதியிருந்தாய். ஏழு நோட்டும் தாமாக நடந்துபோய் விழுந்தனவா? பல்வலியால் முகம் வீங்கியிருக்கிறது என்று இந்த வருஷத்தில் மூன்று முறை எழுதிவிட்டாய். எத்தனை பல் உனக்கு?

இப்போது இருபத்திரண்டாம் அத்தியாயம் வந்திருக்கிறது. மரகதவடிவு ஆற்றில் இறங்கிவிட்டாள், அவளைத் தேடி யாரும் வரவில்லை, முற்றும் என்று முடித்திருக்கிறாய். கீழே, இனி எழுதாதே என்று எனக்கு ஒரு வரி.

நான் ஏற்க மாட்டேன். நம் விதியை முதல் தடவையாக மீறுகிறேன். அத்தியாயத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவளைத் தேடி யாரும் வரவில்லை என்பது பொய். நான் வருகிறேன். நீ மனசில் என்ன நினைத்துக்கொண்டு இதை எழுதினாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: கூடாது. என்ன ஆனாலும் கூடாது.

இரண்டு தடவை அப்பா வீட்டுக்குப் போய் மூன்றாம் நாளே திரும்பினாய். இனி அங்கே போக வேண்டாம், இங்கே வா. இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய் அபிநவின் புத்தகங்களைச் சின்ன அறையிலிருந்து கூடத்துக்கு மாற்ற ஆரம்பித்தார். அவர் பேச்சு அவ்வளவுதான், உனக்குத் தெரியுமே.

உன் வீட்டுக்குத் தொலைபேசினால் சந்திரமோகன்தான் எடுக்கிறார் என்பதால் இதைக் கிளை நூலக ஜேம்ஸ் சாருக்கு அனுப்புகிறேன். நாயக்கர் காலத்து உடை, உணவு என்று உனக்குப் புத்தகம் தேடிக் கொடுக்கிறவர், இதையும் உன் கையிலேயே கொடுப்பார். பதிலை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடு. ஒரு வார்த்தை போதும். அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

உன்
கல்பகம்

*

ராமச்சந்திராபுரம்,
25-6-2002

என் வேதா,

உன் ஒரு வார்த்தை வந்தது. ‘வருகிறேன்.’ பூஜை அறையில் வைத்திருக்கிறேன்.

கவனமாகப் படி, படித்ததும் ஜேம்ஸ் சாரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. வியாழக்கிழமைகளில் சந்திரமோகன் அதிகாலை வண்டிக்குத் திருச்சி கிளம்பிவிடுவார் என்று முன்பு எழுதியிருக்கிறாய். வருகிற நாலாம் தேதி வியாழன். ஆறே காலுக்குச் சென்னை பஸ். ஜேம்ஸ் சாரும் அவர் மனைவியும் பஸ் நிலையத்தில் இருப்பார்கள். நீ ஏறி உட்கார்ந்து பஸ் கிளம்புகிற வரை அவர்கள் நகரமாட்டார்கள். பாரிமுனையில் இறங்கும்போது இவர் நீலக் குடையோடு நிற்பார். வெயில் அடித்தாலும் விரித்தே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று மாலையே சார்மினார் எக்ஸ்பிரஸ். வெள்ளிக்கிழமை காலை செகந்தராபாத்தில் நான்.

பாத்திரம், பட்டுப்புடவை எதையும் நினைக்காதே. ஒரு பையும் உன் மூக்குக்கண்ணாடியும் போதும். சொல்லிக்கொண்டு வர வேண்டுமே என்று தோன்றும். வேண்டாம். சொல்லிக்கொண்டு கிளம்பியதால்தான் போன இரண்டு தடவையும் திரும்பிப் போனாய்.

பயமாக இருந்தால் பயந்துகொண்டே வா.

கல்பகம்

*

ராமச்சந்திராபுரம்,
20-10-2002

மதிப்பிற்குரிய வரதராஜன் மாமாவுக்கு,

கல்பகம் அநேக நமஸ்காரம். நான் உங்கள் மகள் வேதாவோடு கல்லூரியில் படித்தவள். விடுமுறைக்குத் திருவாரூருக்கு அவளோடு வந்து உங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருக்கிறேன். உங்கள் தேக ஆரோக்கியம் எப்படி இருக்கிறது? குளிர் தொடங்கினால் முழங்கால் வலி கூடும் என்று வேதா கவலைப்படுகிறாள்.

அவள் இங்கே வந்து மூன்றரை மாதம் ஆகிறது. உங்களுக்கு அவள் எழுதிய நாலு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதற்காக நான் குறை சொல்ல வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். வேறு ஒருவர் வாய்வழியாக வேறு விதமாக உங்களுக்கு வந்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் அவள் தூங்கித் தீர்த்தாள். இடது காது சரியாகக் கேட்கவில்லை. மருத்துவரிடம் காட்டி மருந்து சாப்பிடுகிறாள். ஆகஸ்டில் மாப்பிள்ளை இரண்டு உறவினரோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நான்தான் போய்ப் பேசுவதாக இருந்தேன். வேதா என்னை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தானே வராந்தாவுக்குப் போனாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள். அவர் முதலில் அழுதார், பிறகு சத்தம் போட்டார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், இனி பேச வேண்டியதை வக்கீல் மூலம் பேசலாம் என்றும் சொன்னாள். வந்தவர்களுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டாள். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

காவல் நிலையத்துக்கு அவள் எழுதியதை நான் படித்தேன் மாமா. எட்டுப் பக்கம். தேதியும் நடந்ததும் மட்டும்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து ராஜா கதை எழுதுகிறவர்கள், வர்ணனைக்குப் பஞ்சமில்லாதவர்கள். அதில் ஒரு வர்ணனைகூட இல்லை. மூன்றாம் பக்கத்துக்கு மேல் என்னால் உட்கார்ந்து படிக்க முடியவில்லை, நின்றுகொண்டு படித்தேன். உங்களை அதைப் படிக்கச் சொல்லமாட்டேன். அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இப்போது நல்ல சமாச்சாரம். எங்கள் காலனியில் ஆம்பூர்க்காரர் முகமது யூசுப் இருக்கிறார். அவர் மகன் இர்பான் மாதாப்பூரில் மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறான். கம்ப்யூட்டர் திரையில் வருகிற ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்க ஆள் தேடினார்கள். தேர்வுக்குப் போன வேதாவை, டைப் அடிக்கத் தெரியாது என்று முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இர்பான் வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று வாரம் பழகிக்கொண்டு, கூப்பிடாமலேயே மறுபடி போய் நின்றாள். எடுத்துக்கொண்டார்கள். காலையில் எங்கள் வீட்டுக்காரரோடு ஒன்றாகக் கிளம்பி அவள் மாதாப்பூர்ப் பஸ்ஸிலும் இவர் தொழிற்சாலை பஸ்ஸிலும் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நாவலையும் தொடர்கிறோம். கதாநாயகனின் பேச்சை மட்டும் இன்னும் அவளால் எழுத முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகிறாள். அதுவரை இரண்டு பேர் பாகத்தையும் நானே எழுதுகிறேன். நான் எழுதினால் அந்த இளைய பாளையக்காரன் எங்கள் வீட்டுக்காரர் மாதிரியே வாயைத் திறப்பதில்லை. அதைப் படித்து அன்றைக்கு அவள் சத்தமாகச் சிரித்தாள்.

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். வேலையை நிரந்தரமாக்க அவளுடைய பி.ஏ. பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அசலாக வேண்டுமாம். அவை உங்கள் பீரோவில் இருக்கின்றன. நவம்பர் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும். அவளைக் கேட்கச் சொன்னேன், இனி அப்பாவைக் கேட்கமாட்டேன் என்றுவிட்டாள். அதனால் அவளுக்குத் தெரியாமல் நான் கேட்கிறேன்.

முப்பது வருஷம் போஸ்ட் மாஸ்டராக இருந்தவருக்குப் பதிவுத் தபாலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கடிதம் எதுவும் வைக்க வேண்டாம். கோபம் இருந்தால் இருக்கட்டும். ஆனால் உறையின் மேல் என் பெயரையோ என் கணவர் பெயரையோ போடாதீர்கள் மாமா. அவள் பெயரைப் போடுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்,
கல்பகம் பத்ரிநாராயணன்