வீதியோரத்தில் நட்ட கண்ணா

இன்று காலை ஜீப்பின் பின்கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கின் நாற்றம் வந்தது. உள்ளே கண்ணா மரக் கன்றுகள். வாவிக்கரையில் சதுப்புக்காடு வளர்க்கும் திட்டத்தின் மூன்றாவது நடுகை. அதே இடம். நீ மௌத்தாகி ஒரு மாரி முடிந்துவிட்டது. டெங்குக் காய்ச்சல், ஐந்தே நாள்.

ஏன் அதே இடம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வாகனம் அதுவரைக்கும் வரும். கூடாரம் போடலாம். வருகிற பெரியவர்களின் சப்பாத்தில் சேறு படாது.

முதல் நடுகையில் நாம்தான் சேற்றில் நின்று கன்று எடுத்துக் கொடுத்தோம். நீ ஏறாவூர், நான் தேற்றாத்தீவு. இருவருக்கும் தற்காலிக வேலை. ஏழு மாதம் கழித்துப் பார்க்கப் போனால் வரிசையாக வெறும் குச்சிகள். நட்ட இடத்துக்கும் வாவிக்கும் நடுவே வீதி. அதன் அடியில் இருந்த மதகு மண் மூடிக் கிடந்தது. தண்ணீர் வந்துபோக வழியில்லாமல் நிலம் உப்புப் பூத்திருந்தது.

“மூக்கப் பொத்திப் பிடிச்சிக்கிட்டு வாயில சோறு தீத்துறாங்க கா,” என்றாய், அடைந்த மதகைக் காட்டி.

படிவத்தில் ‘உயிரோடுள்ள கன்றுகள்’ என்ற இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினாய். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, இப்பிடி எழுதினா அடுத்த வருசம் திட்டம் வராது. உங்களுக்கும் வேலை இல்ல.”

“கண்டும் இல்ல, வேலையும் இல்ல. சரியாத்தானே வருது, சேர்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பின்னேரம் கந்தோரில் அவர் நீட்டிய புதுப் படிவத்தில் ‘பெரும்பாலானவை வளர்கின்றன’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தவள் நான். என் வேலை நீடித்தது. உன்னை வர வேண்டாம் என்றார்கள்.

“உன்ட ஊட்ட மூணு பேர் படிக்குதுகள். எனக்கு உம்மா மட்டும்தானே. உட்டுத்தள்ளு கா,” என்றாய். நீ ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் திருப்பி ஏசியாவது இருப்பேன்.

வீதியடியில் இருந்த அந்தப் பெரிய மதகைத் தொட அனுமதி தரவில்லை. வேலை போன பிறகு நீ இரண்டு மீன்பிடிகாரரைக் கூட்டிக்கொண்டு, வாகனம் போகாத பக்கத்தில் இருந்த சின்ன மதகை மண்வெட்டியால் திறந்தாய். ஒரு கன்றும் நடவில்லை. வாவியில் மிதந்து வந்த கண்ணாக் காய்கள் தாமாக வேரூன்றின. இப்போது இடுப்பளவு நிற்கின்றன. அடியில் இறால் குஞ்சு, மேலே நீர்க்காகம். படம் பிடிக்க ஒருவரும் வருவதில்லை.

இன்று வந்த விருந்தினர் கேட்டார்: “போன முறை நட்டதெல்லாம் எங்க?”

அதிகாரி என்னைப் பார்த்தார். வழக்கமான பதிலைத்தான் எதிர்பார்த்தார்.

“செத்துப்போச்சு. அதுக்கு முந்தி நட்டதும் செத்துத்தான் போச்சு. வளருது எண்டு எழுதினது நான். அது பொய். மதகத் திறக்காம இஞ்ச ஒண்டும் வராது.”

விருந்தினர் குனிந்து ஒரு கன்றைக் கையில் எடுத்தார். பிறகு, “அப்ப இந்த முறை கூடுதலா நடுவம்,” என்றார். கைதட்டினார்கள். நட்டார்கள்.

ஜீப்பில் ஏறும்போது அதிகாரி சொன்னார்: “நீயும் அவளப் போலயே வந்திட்டாய். நாளைக்குக் கந்தோர்ல கதைப்பம்.”

உன்னைப் போல இல்லை. நீ எழுதிய அன்றே நானும் எழுதியிருந்தால் ஒரே தாளில் இரண்டு கையெழுத்து இருந்திருக்கும். யாரோ ஒருத்தி வாய் காட்டுகிறாள் என்று உன்னை மட்டும் பிரித்து அனுப்பியிருக்க முடியாது. நாளைக்கு என் வேலை போகலாம். நான் பிந்தியது போகாது.