ஒரு நிமிடத்துக்கு அப்புறம்

பிப்ரவரி 2

அன்புள்ள சின்னவளே,

அக்கா நன்றாக இருக்கிறேன். உன் இருமல் நின்றதா? உன் வீட்டுக்காரரின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நான் ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளிக்கே இப்போது வாரம் மூன்று மதியம் ஒலிப்பதிவு வகுப்பு எடுக்கப் போகிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து நாலு பேர், ஆறு கணினி, ஒரே ஒரு ஒலிப்பதிவுக் கருவி. 'எனக்குப் பிடித்த சத்தம்' என்பது தலைப்பு. கருவியை முறைவைத்து வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பதிந்து வருவார்கள். பிறகு கணினியில் ஏற்றி, வேண்டாததை வெட்டி, பெயர் கொடுத்து, அவரவர் கோப்புறையில் சேமிக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. 24ஆம் தேதி பெற்றோர் வந்து கேட்கிறார்கள்.

ஒருவன் தன் மாமாவின் குறட்டையைப் பதிந்துவந்து 'பழுதான லாரி' என்று பெயர் வைத்திருக்கிறான். மாமாவும் 24ஆம் தேதி வருகிறாராம்.

வெட்டுவதைச் சொல்லிக்கொடுக்க நகவெட்டியை எடுத்துப்போனேன். "நகத்தை மட்டும் வெட்டணும், சதையைத் தொடக் கூடாது. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கணும். விரலுக்குப் பிரதி கிடையாது, சத்தத்துக்கு உண்டு" என்றேன். ஒரே சிரிப்பு.

திரையில் சத்தம் கோடாகத் தெரிகிறது. கத்தினால் மலை, பேசினால் மேடு, ஒன்றுமில்லையென்றால் தட்டை. பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். நான் பின்னால் நின்று கோட்டைப் படிப்பேன். எனக்கு அதுவே போதும்.

போன் செய்யாதே. சிக்னல் சரியில்லை. எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

சிக்னல் சரியில்லையா? அடுத்த வீட்டு ஆன்ட்டிக்குப் போன் போட்டேன். மணி மாதிரிக் கேட்டது. அவரிடம்தான் நீ உயிரோடு இருக்கிறாயா என்று விசாரித்தேன். "உங்க அக்காவா? மாடியில துணி காயப்போடறாங்க, கூப்பிடவா?" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

எட்டு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால்தான் நான் பதிவு அலுவலகத்தில் இரண்டாவது கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கணக்கு வராது என்று நீயே சொல்வாய். இந்தக் கணக்கு வருகிறது.

அன்றைக்கு உன் காதருகே வந்து ஒன்று கேட்டேன். நீ என்ன பதில் சொன்னாய் தெரியுமா? "குடை கொண்டு வந்தியா?" என்றாய். வெளியே நல்ல வெயில். பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லாப் பிள்ளைகளிடமும் பொறுமையாக இருப்பவள் நீ.

இருமல் நின்றுவிட்டது. அவருக்கு முதுகுவலி தேவலை. உன்னை விசாரித்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் 'நல்லா இருக்காங்க' என்றேன்.

உன்
தங்கை

பிப்ரவரி 12

அன்புள்ள சின்னவளே,

உன் கடிதத்துக்குப் பதில் இருக்கிறது. அதற்கு முன் ஓர் உதவி.

வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். 'எறும்பு' என்று கூப்பிடுவார்கள். பேசவே மாட்டாள், அல்லது பேசுவதாக எனக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் லேசாக அசையும். 9ஆம் தேதி அவளுடைய பதிவைத் திரையில் திறந்தேன். ஆரம்பத்திலிருந்து ஒரு நிமிடம் வரைக்கும் இஸ்திரி போட்ட துணி மாதிரித் தட்டைக் கோடு. அதற்கு அப்புறம் திடீரென்று ஒரு மலை. மைக் கீழே விழுந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி அல்லவா, மலையை வெட்டிச் சேமித்துவிட்டேன். பிறகு எல்லார் முன்னாலும் சொன்னேன்: "ஒண்ணுமே பதிவாகலையேம்மா, வெறும் கோடுதான் இருக்கு. பொத்தானை அமுக்கினியா இல்லையா?" பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் வாய் அசைந்தது. "சரி சரி, போய் உட்காரு" என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. இன்று மூன்றாவது நாள். எங்கேயோ தப்பு செய்துவிட்டேன். இருபத்து நாலில் ஒன்று காலி என்றால் விட்டுவிடலாம் என்கிறார் தலைமையாசிரியை. காலியா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது.

ஏன் தெரியாது என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். எனக்கு மெல்லிய சத்தம் கேட்பதில்லை. ஒன்றரை வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிக்கொண்டே வருகிறது. நேருக்கு நேர் பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறேன். போனில் உதடு ஏது? காதருகே வந்து பேசினாலும் உதடு தெரியாது. அன்று உன் மூச்சு மட்டும் காதில் பட்டது. நீ ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டதால் மழையைப் பற்றி என்று ஊகித்தேன்.

பள்ளியில் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காது கேட்காதவள் ஒலி வகுப்பு எடுக்கிறாள் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அங்கே யாரையாவது கேட்கச் சொன்னாலும் "ஏன், நீங்க கேக்கலையா?" என்பார்கள்.

மிஞ்சிய ஒரு நிமிடத்தைப் பென்டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்துக் கேள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுது. சீக்கிரம்.

உன்
அக்கா

பிப்ரவரி 16

என் அக்கா,

திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். முதலில் உன் எறும்பு.

நானும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, இவரிடம் மூச்சு விடாதீங்க என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன். குசுகுசுவென்று பேசுகிறாள். ஏழு தடவை ஓடவிட்டு எழுதியிருக்கிறேன்:

"எங்க அப்பா ராத்திரி வேலைக்குப் போவாரு. பகல்ல தூங்குவாரு. எங்க வீட்ல ஒரே ரூம்தான். அதனால எல்லாரும் இப்படித்தான் பேசுவோம். தம்பி கூட இப்படித்தான் அழுவான். இப்ப அம்மா பாத்திரத்தைத் துணி மேல வெக்கிறாங்க. கேக்குதா? எனக்குப் புடிச்ச சத்தம் அஞ்சு மணிக்கு வரும். அலாரம். அது அடிச்சா நாங்க எல்லாரும் சத்தமா பேசலாம். தம்பி கத்துவான், அப்பா பாடுவாரு. இருங்க, இப்ப வரும். இதோ..."

அதோடு நின்றுவிட்டது.

அது மைக் விழுந்த சத்தமில்லை அக்கா. அதுதான் அவளுக்குப் பிடித்த சத்தம். நீ நகத்தை வைத்துக்கொண்டு விரலை வெட்டிவிட்டாய்.

இவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

உடனே அவள் வீட்டுக்குப் போ. கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. அப்புறம் காது டாக்டரிடம் போ. எட்டு மாதம் நான் உன்மேல் கோபமாக இருந்தேன். அதில் பாதியைத் திருப்பித் தந்துவிடுகிறேன். மீதிப் பாதி, நீ சொல்லாமல் இருந்ததற்கு.

அன்றைக்கு நான் கேட்டது இதுதான்: "நான் செய்றது சரிதானேக்கா?"

தங்கை

பிப்ரவரி 25

அன்புள்ள சின்னவளே,

உன் கடிதம் கிடைத்த அன்றே போனேன். அவள் வீட்டு விலாசத்தைத் தலைமையாசிரியையிடம் கேட்டபோது காரணத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர், "அதான் மணி அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டேங்கறீங்களா? நான் கர்வம்னு நெனச்சேன்" என்றார்.

மூன்றாவது மாடி, மதியம் மூன்று மணி. அவள் அம்மா கதவைத் திறந்து உதட்டில் விரல் வைத்தாள். உள்ளே திரை போட்டு ஒரே இருட்டு. மூலையில் ஒரு மனிதர் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அம்மா பேசினாள். எறும்பு பேசினாள். இருட்டில் யாருடைய உதடும் எனக்குத் தெரியவில்லை. தலையாட்டிச் சமாளிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பழக்கதோஷம். அந்தப் பிள்ளை என்னையே பார்த்தாள். சொல்லிவிட்டேன்: "எனக்குக் காது கேக்காதும்மா. நீ பேசினது எதுவும் எனக்குக் கேக்கல. தப்பு என்னோடது."

காது கேட்காதவள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும்? அந்த மனிதர் துள்ளி எழுந்துவிட்டார். "யாருக்குக் காது கேக்கல? என்ன ஆச்சு?" தம்பி வீறிட்டான். அது எனக்கே கேட்டது. அம்மா விளக்கைப் போட்டாள். எறும்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் பொத்தாமல் சிரித்தாள்.

விளக்கு வெளிச்சத்தில் அவள் என் முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, எழுத்து எழுத்தாகச் சொன்னாள்: "டீச்சர், நீங்க வெட்டினதுல எனக்குக் கோபம் இல்ல. என்கிட்ட பிரதி இருக்கு. நீங்கதானே எடுத்து வெக்கச் சொன்னீங்க? எல்லார் முன்னாடியும் பொத்தானை அமுக்கலைன்னு சொன்னீங்களே, அதான் வரல."

அந்தப் பிரதி அவளுடைய கோப்புறையிலேயே இருந்தது. நேற்று பெற்றோர் முன் அதைத்தான் கடைசியாகப் போட்டோம். தொடங்குவதற்கு முன் என் தவறை அவர்கள் எல்லாருக்கும் சொன்னேன். எறும்பு என் பக்கத்தில் உட்கார்ந்து, கோட்டின் மேல் விரலை ஓட்டி, எங்கே என்ன என்று எழுதிக் காட்டினாள். ஒரு நிமிடம் அறையில் ஒருவரும் அசையவில்லை. பழுதான லாரி மாமா கூடச் செருமவில்லை. விதியை மீறி இருபது நொடி கூடுதலாக விட்டேன். கோடு மலையாக எழுந்தபோது முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். ராத்திரி வேலை முடிந்து தூங்காமல் வந்திருந்தார்.

தலைமையாசிரியை என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. இனி ஒவ்வொரு மதியமும் ஒரு பிள்ளை என் காதாக இருக்க வேண்டும், கோட்டை மட்டும் பார்த்து எதையும் வெட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். காது பரிசோதனை 3ஆம் தேதி. பயமாக இருக்கிறது. நீ வா. உன் வீட்டுக்காரரும் கூட வந்தால் நல்லது, வழி கேட்க ஆள் வேண்டும்.

உன் கேள்விக்குப் பதில் எட்டு மாதம் தாமதம். சரிதான், சின்னவளே. நீ செய்தது முழுக்கச் சரி.

எழுதும்போதே வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வீட்டு ஆன்ட்டி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிறார்.

உன்
அக்கா