லேபிள் இல்லாத பாட்டில்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்றைக்கு இருமல் மருந்து மட்டும் நாற்பது பாட்டில் போயிற்று. ஊரே இருமுகிறது. கால் கடுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் கதவுக்கு அடியில் ஒரு கடிதம். மலைமேல் இருக்கிற அந்தச் சின்ன விஸ்கி வடிசாலையிலிருந்து.

"உங்கள் பீப்பாய்க்கு எட்டு வயது நிறைகிறது. ஏப்ரல் 11, சனிக்கிழமை திறக்கலாம். மூடியில் பெயர் எழுதிய அனைவரும் நேரில் வரவும்."

மூடியில் சாக்பீஸால் எழுதியது நாலு பேர். நான், இவர், நாத்தனார், நாத்தனார் புருஷன் சர்வேயர். சர்வேயர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. நாத்தனார் இந்த வீட்டு வாசலை மிதித்து ரெண்டு வருஷம்.

இவரிடம் கடிதத்தை நீட்டினேன். படித்தார், மடித்தார், "சரி" என்றார். லிப்ட் மெக்கானிக் இல்லையா, பட்டனை அமுக்கினால் ஒரு வார்த்தைதான் மேலே வரும்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஒரு பீர். அது மட்டும் விடவில்லை. ஆனால் தனியாகக் குடிக்கிற பீர் என்ன பீர்? முதல் வாயில் அந்த நுரை மூக்கில் ஏறி, கசப்பு நாக்கின் அடியில் இறங்கும்போது "அப்பாடா" என்று சொல்லுவோமே, அதைக் கேட்க எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

எனக்குக் கல்யாணமான புதிதில் இந்த வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இவருடைய தங்கச்சி, கையில் பீர் டின். நான் முழிக்கிறேன், அவள் முழிக்கிறாள். "அண்ணி, அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க." நான் சொன்னேன், "அதை விடு. சில்லுன்னு இருக்கா?"

அன்றைக்குப் பிடித்தது இருபது வருஷ சிநேகம். நீச்சல் கோச் அவள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்திக் கத்தியே தொண்டை பெருசாகிவிட்டது. ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும். பீரில் ஆரம்பித்து விஸ்கிக்கு அவள் போய்விட்டாள், நான் பீரிலேயே நின்றுவிட்டேன். "அண்ணி இன்னும் ஆழமில்லாத பக்கமே நீந்துறாங்க" என்பாள் பாவி.

அவள் குரல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எத்தனை நீளம்!

மார்ச் 9, திங்கள்

போனை எடுத்தேன். அவள் நம்பர் வரைக்கும் போனேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

வருஷத்துக்கு ஒரு வடிசாலை என்று நாலு பேரும் கிளம்பிவிடுவோம். ஒரு தடவை பீர் காய்ச்சுகிற இடம், ஒரு தடவை விஸ்கி. ஆனால் அந்த மலைமேல் வடிசாலையைப் போல் ஒன்று கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை போனபோது, உள்ளே நுழைந்ததுமே முளைவிட்ட பார்லி வேகிற வாசனை, பசிக்கிற குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி. ஆளுயரச் செம்புக் கொப்பரைகள் ரெண்டு, வயிறு பெருத்து, கழுத்து நீண்டு. சர்வேயர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "அக்கா, இந்தக் கழுத்து எத்தனை டிகிரி சாயுதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அந்த மனுஷனுக்குக் கோணம் தெரியாமல் ஒரு வாய் இறங்காது.

பீப்பாய்க் கிடங்கு மாத்திரம் வேறு உலகம். இருட்டு, குளிர், ஈர மண் தரை. கிடங்குக்காரர் சொன்னார்: "வருஷா வருஷம் மரத்து வழியா கொஞ்சம் காத்துல போயிடும். தேவதைங்க பங்குன்னு சொல்லுவோம்." சர்வேயர் உடனே காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு, "தேவதைங்க நல்லாத்தான் குடிக்குதுங்க" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கிடங்குக்காரரே வெட்கப்பட்டார். அன்றைக்குத்தான் அந்தக் குட்டிப் பீப்பாயை எடுத்து, நாலு பேரும் பெயர் எழுதினோம்.

மூன்று வருஷம் கழித்து, அதற்கு என்ன வயசு தெரிகிறது பார்க்கலாம் என்று மறுபடி போனோம். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று நான்தான் கடையிலிருந்து பழுப்பு மருந்து பாட்டில் ஒன்று கொண்டுபோனேன், கூடவே சொட்டு விடுகிற டிராப்பர். சர்வேயர் தன் கையாலேயே பீப்பாயிலிருந்து பிடித்து நிரப்பினார். கொஞ்சம் கிளாஸில் ஊற்றி, வாசனை விரிய மூணு சொட்டுத் தண்ணீர் விட்டு நாத்தனாருக்குக் கொடுத்தார். அவள் மோந்து பார்த்து, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்த முதல் நிமிஷம் அது.

அடுத்த வருஷம் அவர் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு என்ன சாதித்தேன்?

சர்வேயர் போனபிறகு அந்தப் பழுப்பு பாட்டிலை நாத்தனார் என்னிடம்தான் கொண்டுவந்தாள். பாதி இருந்தது. "வீட்ல இருந்தா ஒரே நாள்ல தீத்துடுவேன் அண்ணி. மருந்துக்கடைக்காரிகிட்ட இருந்தாத்தான் பத்திரம். நான் கேக்கறப்ப கொடுங்க." அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன். அவள் கேட்கவேயில்லை. ரெண்டு வருஷம் ஓடிற்று.

அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அடிக்க வந்தவர்கள் அலமாரியைக் காலி பண்ணி எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டார்கள். டர்பன்டைன், பினாயில், பழைய எண்ணெய், என்னென்னவோ. நான் கடைக்குக் கிளம்புகிற அவசரம். எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு, சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது: லேபிள் இல்லாத பாட்டிலை மோந்து பார்க்காதே, யோசிக்காதே, கொட்டு. இருபத்திரண்டு வருஷமாகக் கை பழகிய பாடம். ஐந்து பாட்டில் லேபிள் இல்லாமல் இருந்தது. வரிசையாகத் திறந்து, வரிசையாகப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தேன்.

நாலாவதைக் கவிழ்த்து முடிக்கும்போதுதான் அந்த வாசனை வந்தது. தேன், கருகின சர்க்கரை, புது மரப்பெட்டி. அய்யோ! பாட்டிலை நிமிர்த்தினேன். ஒரு சொட்டுகூட இல்லை. டிராப்பருக்குக்கூட இல்லை.

லேபிள் அலமாரியில் விரித்திருந்த பேப்பரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. சர்வேயர் பென்சிலில் எழுதிய துண்டு: "எங்க பீப்பாய். மூணு வயசு. இன்னும் பள்ளிக்கூடமே போகல. அவசரப்படாதே."

அவளுக்குப் போன் போட்டேன். "பாட்டில்..." என்று ஆரம்பித்தேன். இவர் போனைப் பிடுங்கினார். "நான்தாம்மா, கை தவறிக் கீழ போட்டு உடைச்சிட்டேன்." நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"அவர் கையால புடிச்சது அண்ணா அது. ஒரு பொருளை ஒழுங்கா வெக்கத் தெரியாதா உனக்கு?" அதுதான் அவள் இவரிடம் கடைசியாகப் பேசியது.

என்னை மட்டும் ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாள். "அண்ணி, வெளியில எங்கயாவது பாக்கலாமா?" எந்த முகத்தோடு போவது? கடையில் வேலை என்றேன், காய்ச்சல் என்றேன். அப்புறம் அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

துண்டுச் சீட்டை இந்த டைரியில்தான் ஒட்டி வைத்திருக்கிறேன். டைரி மாறினால் பிரித்து எடுத்து மறுபடி ஒட்டுகிறேன். திருடி.

மார்ச் 28, சனி

இவரிடம் சொன்னேன்: "அங்க அவகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"எதுக்கு இப்ப? ஆறின புண்ணு."

"யாருக்கு ஆறிச்சு? உங்களுக்கா?"

ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் அண்ணன். எத்தனை நாள் கோவமா இருந்துடுவான்னு நினைச்சேன். உங்க ரெண்டு பேருக்கும் முறிஞ்சா அப்புறம் சேராதுன்னுதான்..." என்றார். அடேயப்பா, இவர் ஒரே மூச்சில் இத்தனை பேசி நான் கேட்டதில்லை.

ரெண்டு வருஷமாக என் தப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குகிறாரே இந்த மனுஷன்!

ஏப்ரல் 2, வியாழன்

கிடங்குக்காரர் போன் பண்ணினார். நாத்தனார் வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். "நாங்களும் வர்றோம்னு தெரியுமா அவளுக்கு?" என்று கேட்டேன். "தெரியும்மா. ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்?

ஏப்ரல் 10, வெள்ளி

பையில் டிராப்பர் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். சீட்டைப் பிரிக்கும்போது ஓரம் கிழிந்துவிடுமோ என்று நீராவி காட்டிப் பிரித்தேன். நாளைக்கு அவள் முகத்தைப் பார்க்கப் போகிறேன். பயத்தைவிட அந்த ஆசைதான் பெரிதாக இருக்கிறது, வெட்கமே இல்லாமல்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்கு முன்னாலேயே வந்து கிடங்கு வாசலில் நின்றிருந்தாள். முடி காதோரம் நரைத்திருக்கிறது. "வாங்க" என்றாள், எங்கள் ரெண்டு பேருக்கும் பொதுவாக. அதே தொண்டை. அதைக் கேட்டதுமே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பீப்பாயை வெளிச்சத்துக்கு உருட்டி வைத்திருந்தார் கிடங்குக்காரர். அந்த இடத்து வழக்கம், திறப்பதற்கு முன்னால் அவரவர் பெயரை அவரவரே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இவர் துடைத்தார். நான் துடைத்தேன். அவள் தன் பெயரைத் துடைத்துவிட்டு நின்றாள். சர்வேயர் பெயர் மட்டும் இருந்தது. கிடங்குக்காரர் துணியை நீட்டினார். "இருக்கட்டும்" என்றாள். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

இதற்கு மேல் தள்ளினால் எனக்குத் தைரியம் போய்விடும். சீட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

படித்தாள். "இது எப்படி உங்ககிட்ட? பாட்டிலோட உடைஞ்சு..."

"உடையல. லேபிள் விழுந்திருந்தது. என்னன்னு பாக்காம நான்தான் தொட்டியில கொட்டினேன். உன் அண்ணன் உடைக்கல. எனக்காகச் சொன்னார். நான் வாயை மூடிட்டு நின்னேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. வெளியே போய், கவிழ்த்து வைத்த காலிப் பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. கிடங்குக்காரர், பாவம், இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு மூலைக்குப் போனார்.

திரும்பி வந்தவள் நேராக இவர் முதுகில் பட்டென்று ஒரு அடி. "லூசாண்ணா நீ? ரெண்டு வருஷம்! உன் பொறந்தநாளுக்குக்கூட நான் போன் பண்ணலயே!" இவர் அழுதார். சத்தமில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

என் பக்கம் திரும்பவேயில்லை.

சுத்தியலை அவள்தான் வாங்கினாள். ஒரே போடு. அடைப்பு தெறித்ததும் வந்ததே வாசனை! முன்பு தொட்டியில் வந்த அதே தேன், அதே கருகின சர்க்கரை, கூடவே நனைந்த கரி மாதிரி ஒரு கனம். பிள்ளையாகப் பார்த்தது மீசை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. கிடங்குக்காரர் கம்பு விட்டு அளந்து, "தேவதைங்க பங்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாத்தான் போயிருக்கு" என்றார்.

"அவர் வேலையாத்தான் இருக்கும்" என்றாள் நாத்தனார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

டிராப்பரை நீட்டினேன். வாங்கினாள். மூணு சொட்டுத் தண்ணீர். கண்ணை மூடினாள். பத்து மைல் தள்ளி நிற்பது போல் இருந்தது எனக்கு. பீர்க்காரி நானும் ஒரு வாய் குடித்தேன். நெஞ்சு வரைக்கும் சூடு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இத்தனை நல்ல சரக்கு, "அப்பாடா" சொன்னால் கேட்க ஒரு நாதியில்லை.

அவள் பங்கு பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சீட்டையும்தான்.

ஏப்ரல் 15, புதன்

இவருக்குப் போன் வந்தது. அரை மணி நேரம் பேசினார்கள். இவர் பேசியது எட்டு வார்த்தை. என்னைக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

கேட்டுவிட்டேன். கேட்கவில்லையாம்.

ஏப்ரல் 22, புதன்

அண்ணன் தங்கை சேர்ந்தாயிற்று. அது போதும் எனக்கு.

பொய். போதாது.

ஏப்ரல் 26, ஞாயிறு

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். "வீட்ல யாரும் இல்லையா?" தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

நான் எழுந்திருக்கவே இல்லை. அவளே உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு பழுப்பு மருந்து பாட்டிலை எடுத்து என் மடியில் இருந்த துணிமேல் வைத்தாள். நிறைய இருந்தது. லேபிள் இல்லை. கண்ணாடி மேலேயே, சிவப்பு நகப்பூச்சால், கொட்டை எழுத்தில்:

"அண்ணி, இது விஸ்கி. கொட்டாதீங்க."

சுற்றிவர நாலு பக்கமும் எழுதியிருந்தாள். அடியிலும்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். காய்ச்சலாம், வேலையாம். கொட்டினதுக்குக்கூடக் கோவம் இல்ல அண்ணி. என்னைத் தனியா விட்டீங்களே, அதான்" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெச்சுக்கங்க. வீட்ல இருந்தா தீத்துடுவேன். நான் கேக்கறப்ப கொடுங்க" என்றாள்.

எங்கிட்டயா? மறுபடி எங்கிட்டயேவா? நான் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. ரெண்டு பேரும் அந்தத் துணிக்குவியலில்தான் அழுதோம். இனிமேல் அதையெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும்.

பாட்டிலை அதே அலமாரியில், முன்வரிசையில் வைத்திருக்கிறேன். டைரியில் சீட்டு இருந்த பக்கத்தில் இப்போது பசைத் தழும்பு மட்டும் இருக்கிறது.

இவரைப் பீர் வாங்கப் போகச் சொன்னோம். பழைய வழக்கத்தில் நாலு வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, நாலாவதைத் திரும்பப் பைக்குள் போடப் பார்த்தார்.

"இருக்கட்டும்ணா" என்று அதையும் வாங்கித் திறந்து, எங்கள் மூணு கிளாஸிலும் பங்கு போட்டு ஊற்றினாள்.