எதிர்வீட்டு நிழல் கடிகாரம்

ஒடுகத்தூர்
5 ஜனவரி 1978, வியாழன்

பனி. மலை தெரியவில்லை. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. என் வீட்டுக்காரர் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டு மலை பஸ்ஸில் டிக்கெட் போடப் போய்விட்டார்.

எதிரில் கமலம்மாவின் பழங்காலத்து மாடி வீடு. மாடிச் சுவரில் சுண்ணாம்புச் சாந்தில் செய்த சூரியன். மீசை, உருண்டைக் கண்கள், இரண்டு பக்கமும் மயில். வாயிலிருந்து ஓர் இரும்புக் கம்பி. சுற்றிலும் சாயத்தில் எழுதிய தமிழ் எண்கள். கம்பியின் நிழல் எதில் விழுகிறதோ அதுதான் மணி. தெருவில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வாங்க வேண்டியவை: சீயக்காய், மாத்திரை.

8, ஞாயிறு

நிழல் எட்டில் இருக்கும்போது கண் அசந்தேன். விழித்தால் உச்சிப்பொழுது. கனவில் அந்த நிழல் தெருவைக் கடந்து வந்து என் வயிற்றின் மேல் படுத்திருந்தது. கனமே இல்லை.

அவர்: "எந்நேரமும் இன்னா அங்கயே பாக்குற?"

"மணி பாக்குறேன்."

"தலமாட்டுல கடியாரம் இருக்குதே!"

அது டிக் டிக் என்கிறது. இது சத்தம் போடாது.

11, புதன்

மேகம். நிழல் இல்லை. காலையா மாலையா தெரியாமல் மிதந்தபடி ஒரு நாள். அடிவயிற்றில் லேசான வலி. அவரிடம் சொல்லவில்லை.

12, வியாழன்

வலி இல்லை. நல்ல வெயில். எதிர்வீட்டில் ஏணி, சுண்ணாம்பு வாளி. பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. ஒரு மயில் வெள்ளைக்குள் மறைந்து போயிற்று. சுண்ணாம்பு அடிக்கும் மட்டை சூரியனின் கன்னத்துக்கு வந்தது. எப்படிக் கத்தினேனோ.

"அம்மா! அத அழிக்காதீங்க!"

கமலம்மா வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தார். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உனுக்கு இன்னாம்மா அதுல?"

"படுத்தே கெடக்குறம்மா. நாள் முழுக்க அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

உள்ளே போய்விட்டார். ஏணிமேல் நின்ற ஆள் பீடி பற்ற வைத்தான். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல்: "அத மட்டும் வுட்டுடுப்பா."

15, ஞாயிறு

மாட்டுப்பொங்கல். தெருவெல்லாம் மணிச்சத்தம். அவருக்கு இன்றும் டூட்டி. கமலம்மா கரும்புத் துண்டுகளோடு வந்தார். என் தலையில் சிக்கெடுத்துக்கொண்டே பேசினார்.

"உச்சில நெழல் நேரா நின்னா, எங்க வூட்டுக்காரரு தெருவுல இருந்தே 'கமலா, சோறு போடு'ன்னு கத்துவாரு. அவரு போனப்புறமும் நெழல் வந்து நிக்குது. கூப்புட ஆளில்ல. அதான் அழிக்கச் சொன்னேன்."

கமலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. மீன் திரும்புவதுபோல. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மறுபடியும்.

அந்தக் கையை எடுத்துப் புரண்ட இடத்தில் வைத்தேன். முகம் மாறிவிட்டது.

"பேசாத. அசையாத இரு," என்றார். சீப்பு என் தலையிலேயே நிற்கிறது. இருவரும் அழுகிறோம்.

மலை பஸ் இன்னும் இறங்கவில்லை. குழந்தை புரண்டது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.