சிவப்புப் பொட்டின் பாதி

நவம்பர் 4, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வித்யாவின் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்படியில் கயிறு கட்டிப் போட்டேன். இப்போது எல்லாவற்றிலும் காபி வாசனை. கைக்குழந்தை மேல் காபி வாசனை அடிப்பது மதுரையிலேயே இந்த வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

இன்றும் ஹாலில் இவர்களுடைய காபி சபை கூடியது. நாலு பேரையும் ஒரு தடவை எழுதி வைக்க வேண்டும். வித்யா பெரியவளாகி வாசித்தால் சிரிப்பாள்.

இவர்: காலேஜில் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர். வாரம் முழுக்கப் பையன்களுக்கு அளந்து பார்க்கச் சொல்லிக் கொடுப்பது. வீட்டில் உப்பு டப்பா எது என்று தெரியாது.

சண்முகம் அண்ணன்: மில்லில் பாய்லர் பிட்டர். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே இங்கே வருவார்.

பல் டாக்டர்: பம்பாயில் படித்தபோது ஏதோ ஓட்டலில் குடித்த காபி. எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை இவர்கள் செய்த காபி மிஷினுக்குள் விட்டு எட்டிப் பார்ப்பார். (கழுவிக்கொண்டு வருகிறாரா?)

கோபால்: சாயப்பட்டறை. சுங்குடிச் சேலை. மணிக்கட்டு வரை நீலம். நிறம் பார்க்கத் தெரிந்த கண் என்று கொட்டை வறுப்பது அவன் பொறுப்பு.

கல்யாண மண்டபத்தில் எஸ்பிரஸோ என்று கொடுக்கிறார்களே, அது வேறாம். அதுவா என்று கேட்டால் டாக்டருக்குக் கோபம். “அது பாலுக்கு ஆவி பிடிக்கிறதும்மா. ஜலதோஷத்துக்கு வேணா நல்லது.” இவர்களுடையது பித்தளை டிரம். கீழே ஸ்டவ், மேலே நீளமாக ஒரு பிடி. பிடியை அமுக்கினால் வெந்நீர் தூளுக்குள் புகுந்து இறங்கும். கறுப்பாக, மேலே தேன் நிறத்தில் நுரை. வித்யாவுக்கு மருந்து புகட்டும் சங்கு இருக்கிறதே, அந்த அளவு. அதற்கு நாலு ஆம்பிளைகள், ஒரு காலைப்பொழுது. ஆடியில் ஆரம்பித்த வேலை, தீபாவளிக்கு மறுநாள்தான் முதல் காபி வந்தது.

இன்று முதல் கப்பை இவர் என்னிடம் நீட்டினார்.

“சுமதி, நீ குடிச்சுச் சொல்லு.”

“கடைசியில லேசா கரிஞ்ச வாசனை.”

கோபாலின் முகம் விழுந்துவிட்டது. “அண்ணி சொன்னா சரிதான். வறுக்கையில கடைக்கு ஆள் வந்துச்சு, கொஞ்சம் விட்டுட்டேன்.”

“சொன்னேன்ல? இவ நாக்கை லேபுல வைக்கணும்” என்றார் இவர்.

கல்யாணமாகி இப்போதுதான் ஒன்றைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார். சின்ன விஷயம். சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கம்.

சண்முகம் அண்ணன் முன்பெல்லாம் அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து உட்காருவார். என்னோடு பேச்சு, வித்யாவுக்குக் கிச்சுகிச்சு. இப்போது ஸ்டூலைத் தெருக்கதவோரம் போட்டுக்கொள்கிறார்.

“காத்து வருது தங்கச்சி.”

சாரலும் வருதேண்ணே என்றேன். சிரித்து வைத்தார்.

நவம்பர் 6, செவ்வாய்

மழை இல்லை. ரேஷனில் சீனி வந்துவிட்டதாம். போக முடியவில்லை.

மாடியில் குடியிருக்கும் சரோஜா அக்கா குக்கர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குக்கரோடு இட்லி கொடுத்தனுப்பியதில் மறுபடியும் மாறிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம். அவளுடையதும் என்னுடையதும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. அதற்காகத்தான் என் மூடியில் கல்யாணத்துக்கு வாங்கிய நெயில் பாலிஷில் சிவப்புப் பொட்டு. வைத்தபோது கை நடுங்கிப் பாதி மூடியிலும் பாதி சேப்டி வால்வின் மேலுமாக வழிந்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன், சிவப்பு இருந்தது. மாறவில்லை.

வந்தவள் சும்மா போனாளா. “பரவைப் பக்கம் ஒரு வீட்டுல குக்கர் வெடிச்சிருச்சாம்டி. மூடி போயி ஓட்டைப் பிச்சுக்கிட்டு வெளிய விழுந்துச்சாம். நல்லவேளை, அவ புழக்கடையில நின்னா.”

மத்தியானம் பருப்பு வேகும் வரை குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வித்யாவுக்குத் தவழ வந்ததிலிருந்து இதே கவலைதான். விசில் கேட்டால் எங்கிருந்தாலும் அடுப்படிக்கு விரைந்து வருவாள். விசில் என்றால் பருப்புச் சோறு என்று தெரிந்துவிட்டது. நான் தூக்கித் தூக்கி ஹாலில் விடுவேன். மறுபடி வருவாள். ஸ்டவ் பக்கத்திலேயே உட்கார்ந்து கை தட்டுவாள்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“வெயிட் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்? ஆவி ஏறும். ஏறினா சேப்டி வால்வு உருகி வழி விட்டுரும். உன்னையும் பாப்பாவையும் காப்பாத்தத்தானே அதை வெச்சிருக்கான்? பி.எஸ்ஸி. படிச்சவ, இம்புட்டுப் பயப்படுறியே.”

நான் படித்தது ஜுவாலஜி. தவளைக்கு வால்வு கிடையாது என்றேன். சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மனசு லேசானது.

நாளை: கிரைப் வாட்டர். மண்ணெண்ணெய். ரவிக்கைக்கு ஊக்கு. அம்மாவுக்கு வாடிப்பட்டிக்கு ஒரு கார்டு.

நவம்பர் 11, ஞாயிறு

எப்படி எழுதுவது.

காலையில் சபை. பதினொரு மணிக்குமேல் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இவரும் டாக்டரோடு ஸ்கூட்டரில் போனார். மிஷினை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். என் வேலை இல்லை. ஆனாலும் அந்தப் பித்தளை மேல் எனக்கு ஒரு பிரியம் வந்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தால் இன்னும் பளபளக்கும் என்று நினைத்துக்கொண்டே துடைத்தேன்.

டிரம்மின் தலையில் ஒரு சின்ன வால்வு. அதன் ஓரத்தில் சிவப்பு. கோபாலின் சாயமாக இருக்கும் என்று நகத்தால் சுரண்டினேன். சாயம் இல்லை. நெயில் பாலிஷ். பாதி நிலா மாதிரி.

துணியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். என் பொட்டின் மற்றப் பாதி மூடியில் இருக்கிறது. வால்வு இருந்த இடத்தில் பித்தளை போல்ட். அடியில் நட்டு, முறுக்கி, வாஷர் வைத்து. அழகான வேலை. போல்டின் தலையை வால்வு மாதிரியே உருண்டையாகக் கடைந்திருக்கிறார்கள்.

சிவப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் தினமும் பார்த்தேன்.

வித்யா அப்போதும் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கரண்டியைக் கடித்துக்கொண்டு.

மிஷின் தலையில் வால்வு இல்லாமல் இவர்கள் ஒருநாளும் ஸ்டவ் பற்றவைத்ததில்லை, முதல் காபிக்கும் அது இருந்தது. அப்படியானால் தீபாவளி மறுநாளிலிருந்து. அப்படியானால் செவ்வாய்க்கிழமை, வாழைப்பழம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாரே, உருகி வழி விட்டுரும் என்று. அப்போது இங்கே உருக என்ன இருந்தது?

நவம்பர் 12, திங்கள்

வெயில். தலைவலி.

ஒன்றும் கேட்கவில்லை. சோறு பானையில் வைத்து வடித்தேன். பருப்பு வேக நேரமானது.

சாப்பிடும்போது இவர், “என்ன, விசில் சத்தத்தையே காணோம்?”

“கேஸ்கட் போயிருச்சு.”

“ஓ.”

அவ்வளவுதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிம்மதி. அப்பாடா என்று தோள் இறங்கியது. மறந்துபோயிருப்பார், மறதிக்காரர்தானே என்று நேற்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. ஒவ்வொரு விசிலையும் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

நவம்பர் 14, புதன்

சண்முகம் அண்ணன் வந்தார், மிஷின் பிடிக்கு ரப்பர் வாஷர் கொடுக்க. இவர் காலேஜில். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

“அண்ணே, எங்க குக்கருக்கு போல்ட் கடைஞ்சது நீங்களா?”

வாஷரை விரலில் மாட்டிக் கழற்றிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார். வால்வு இல்லாமல் மிஷினைப் பற்றவைக்க விடமாட்டேன் என்று அடம்பிடித்ததே அவர்தானாம்.

“மூஞ்சிக்கு நேரா நிக்கிறோம் தங்கச்சி, ஆவியோட வெளையாடக் கூடாதுன்னு சொன்னேன். அன்னிக்குக் கடை பூராம் லீவு. மாப்ளதான், இருங்க ஒண்ணு இருக்குன்னு உள்ள போனாப்ல. ஓட்டையா இருந்தா தங்கச்சி கண்டுபிடிச்சிரும், ஒரு போல்ட் கடைஞ்சு குடுங்கன்னாப்ல. ஒரு வாரத்துல புதுசு வாங்கி மாட்டிர்றேன்னு சொன்னாப்ல.”

“நான் எங்கே இருந்தேன்?”

“கெணத்தடியில. பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டிருந்தே.”

“டாக்டர்?”

“எல்லாரும் இருக்கையிலதான் கழட்டுனது.”

“மில்லுல இப்படிச் செய்வீங்களா?”

“வேலை போயிரும்” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல. காது சிவந்துவிட்டது.

“அதனாலதான் ஸ்டூல் தெருக்கதவுக்குப் போச்சாண்ணே?”

வாஷரை நிலைப்படியில் வைத்தார். தங்கச்சி தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். அவருக்கு நான் வெங்காய பஜ்ஜி போட்டிருக்கிறேன். அந்தக் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து அடுப்பில்.

“இவர்கிட்ட நான் கேட்டதாச் சொல்லாதீங்க.”

“சொல்ல மாட்டேன்.”

சொல்லமாட்டார். அதில் கெட்டிக்காரர்.

நவம்பர் 16, வெள்ளி

வித்யாவுக்கு மேலே ஒரு பல் முளைத்திருக்கிறது. இவர் ஓடிப்போய் டார்ச் எடுத்து வந்து பார்த்தார். டாக்டர்கிட்ட காட்டணும் என்று குதித்தார். அவளைத் தூக்கிச் சுற்றினார். பொய்யில்லை அந்தச் சந்தோஷம். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

அம்மாவுக்குக் கார்டு இன்னும் எழுதவில்லை. எழுதினால் வந்து கூட்டிப்போவார்கள். என்ன காரணம் எழுதுவது? காபியா?

நவம்பர் 18, ஞாயிறு

நல்ல மழை. இருந்தும் நாலு பேரும் ஆஜர். கோபால் புதுக் கொட்டை, ஏற்காட்டிலிருந்து. வீடே மணத்தது. நாக்கில் எச்சில் ஊறியதற்கு என்மேலேயே எரிச்சல்.

முன்னாலேயே வித்யாவை மாடியில் சரோஜா அக்காவிடம் விட்டுவிட்டேன். பிறகு அடுப்படியிலிருந்து பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிவந்து ஹாலில் அவர்கள் நடுவில் வைத்தேன். பற்றவைத்தேன். குக்கரில் தண்ணீர் ஊற்றி, மூடி, போல்ட் இவர் பக்கம் பார்த்திருக்கும்படி திருப்பி வைத்தேன்.

“என்னம்மா, இன்னிக்குச் சமையலும் இங்கயேவா?” டாக்டர்.

“ஆமா டாக்டர். அடுப்படியில தனியா இருக்கப் பயமா இருக்கு.”

“குக்கருக்கே இப்படின்னா, நாளைக்குப் பொண்ணு ஸ்கூட்டர் ஓட்டுனா என்ன செய்வே?” சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை. கோபால் தன் நீல விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கேஸ்கட் போயிருச்சுன்னியே?” என்றார் இவர்.

“மாத்திட்டேன். நீங்க காபியைப் போடுங்க.”

யாரும் மிஷினைத் தொடவில்லை. ஸ்டவ் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. நான் குக்கர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு.

தண்ணீர் கொதிக்கும் சத்தம் வந்தது. முதலில் எழுந்தவர் சண்முகம் அண்ணன். கதவுக்கு அந்தப் பக்கம் போய் மழையில் நின்றார். பின்னாலேயே கோபால், “அண்ணி, பட்டறையில ஆளு காத்துக்கிட்டிருக்கு, வாரேன் அண்ணி.” டாக்டர் எழுந்தார், நின்றார், திரும்பிவந்து தன் குட்டிக் கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

“சுமதி, ஸ்டவ்வ அணை” என்றார் இவர்.

“எதுக்கு? பயப்படாதீங்க. சேப்டி வால்வு இருக்குல்ல? ஆவி ஏறினா உருகி வழி விட்டுரும். உங்களையும் என்னையும் காப்பாத்தத்தானே வெச்சிருக்கான்?”

அவர் சொன்ன வார்த்தைகள்தான். முகம் வெளுத்துவிட்டது. புரிந்துவிட்டது.

“அணைன்னு சொல்றேன்ல!” சொல்லிக்கொண்டே ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். “அணைடி!” இன்னொரு எட்டு. குக்கர் சீறியது. வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டார்.

இறங்கி, நனைந்து, தெருவில் நின்ற மூன்று பேரோடு நாலாவது ஆளாக நின்ற பிறகுதான் அங்கிருந்து கத்தினார்:

“பாப்பா எங்க? சுமதி, பாப்பா உள்ளயா இருக்கா?”

முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்துக் காட்டினேன். வெயிட் என் கையில்தான் இருந்தது. ஆவி பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. நாலு பேரில் ஒருத்தர்கூட அதைப் பார்க்கவில்லை. பிசிக்ஸ், பாய்லர், டாக்டர், நிறம் பார்க்கத் தெரிந்த கண்.

ஸ்டவ்வை அணைத்தேன்.

நவம்பர் 19, திங்கள்

மழை விட்டுவிட்டது. ஈரத்துணி ஒரு மூட்டை.

இவர் லீவு போட்டிருக்கிறார். விடிந்ததும் உட்கார்ந்து மிஷினிலிருந்து வால்வைக் கழற்றி மூடியில் மாட்டினார். என்னிடம் கொண்டுவந்து காட்டினார். “பாரு, பொட்டு ரெண்டும் சரியாச் சேர்ந்திருச்சு.” சேர்ந்துதான் இருந்தது. நன்றாகக் கழுவிக்கூட வைத்திருந்தார்.

“ஒரு வாரத்துல மாத்திரலாம்னுதான் சுமதி…”

சரி என்றேன். மூடியைப் பரணில் வைத்தேன். பானையில் உலை வைத்தேன்.

வித்யா தவழ்ந்து வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தட்டுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டு, விசில் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.